கோடையில் குடும்பத்தோடு கூந்தன்குளம்: ஒரு நாள் போய்வரும் முறை

ஆண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நாங்கள் ஐந்து பேரும் பறவைகளைப் பார்க்கக் கூந்தன்குளத்துக்குப் போய்வருகிறோம். நான், என் கணவர், 11 வயது மகள், 6 வயது மகன், 72 வயதாகும் என் அத்தை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம்தான். இந்தப் பயணத்தைப் பற்றித் தெரிந்தவர்களிடம் சொன்னால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வெயிலில் கிராமத்துக்கா? குற்றாலம், மணிமுத்தாறு என்று குளிர்ச்சியாகப் போகக் கூடாதா?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் மூன்று குடும்பத்தாருக்கு நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்த குறிப்புகளைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

கூந்தன்குளம் நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர். ஊரையொட்டிய பாசனக் குளங்கள் சேர்ந்த 129.33 ஹெக்டேர் பரப்பு 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் அது சேர்ந்திருப்பதாக 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். இவையெல்லாம் அரசு கொடுத்த பெயர்கள். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் போல வைத்திருக்கிறார்கள். குளத்துக் கருவேல மரங்கள் நிறைந்துபோனால் நாரைகள் ஊருக்குள் வந்து, கொல்லைப்புறத்து வேம்பிலும் புளியிலும் பூவரசிலும் கூடு கட்டும். அடியில் அடுப்பு எரியும், துணி காயும், மேலே குஞ்சு கத்தும். தீபாவளிக்கு அங்கே வெடி கிடையாது. கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும்கூடச் சத்தத்தை அடக்கித்தான் வைக்கிறார்கள்.

டிசம்பர் கடைசியில் வரத் தொடங்கும் பறவைகள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சுக்குச் சிறகு முற்றிய பிறகு ஜூன், ஜூலையில்தான் கிளம்பும். ஆகவே கூடும் குஞ்சுமாகப் பார்க்க வேண்டுமென்றால் வெயில் காலத்தில்தான் போக வேண்டும். ஏப்ரல் முதல் பாதி நல்லது. கத்திரி தொடங்கிய பிறகு சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். இன்னொன்று, இது மழைத்தண்ணீரையும் மணிமுத்தாற்றுத் தண்ணீரையும் நம்பியிருக்கும் குளம். மழை பொய்த்த ஆண்டில் குளம் வற்றிப் பறவைகள் வேறு இடம் தேடிப் போய்விடும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு மூலைக்கரைப்பட்டிப் பக்கத்து ஆட்கள் யாரிடமாவது "குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். திருநெல்வேலியில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரையாவது தெரியாதவர் இருக்க மாட்டார்.

எங்கள் முதல் பயணம் தவறாகப் போனது

மகனுக்கு அப்போது 3 வயது. ஞாயிற்றுக்கிழமைதானே என்று நிதானமாக எழுந்து, தோசை சாப்பிட்டு, ஒன்பதரைக்குக் கிளம்பினோம். வழியில் பழம் வாங்க நின்றதில் அரை மணி நேரம் போயிற்று. ஊருக்குள் நுழையும்போது பதினொன்று. பார்வைக் கோபுரத்தில் ஏறி நின்றபோது இரும்புக் கைப்பிடியைத் தொட முடியவில்லை. குளத்தில் ஒரு பறவையும் அசையவில்லை. பிள்ளை முகம் சிவந்து, சோர்ந்து, இருந்தாற்போலிருந்து வாந்தி எடுத்தான். தண்ணீர்ப் பாட்டில் காரில் கொதித்துக் கிடந்தது.

தெருவில் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, ஒரு வீட்டு வாசலில் நின்ற ஆச்சி, "இங்கே கொண்டு வா தாயி" என்று கூப்பிட்டார். திண்ணையில் படுக்கவைத்து, பானைத் தண்ணீரில் நனைத்த துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் போட்டார். நீராகாரத்தில் உப்புப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, கரண்டியால் கொடுக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் பிள்ளை கண் திறந்து, மேலே வேப்பமரத்தைப் பார்த்து, "அது என்ன?" என்று கேட்டான். அன்று நாங்கள் பார்த்த ஒரே நாரைக்கூடு அந்த ஆச்சி வீட்டுக் கொல்லை மரத்துக் கூடுதான்.

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் நடுப்பகலை அந்தத் திண்ணையில்தான் கழிக்கிறோம். நான் கற்றுக்கொண்டது இதுதான்: கோடையில் ஒரு நாளை வெயில் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஒன்பதரை வரை ஒரு பொழுது, நாலுக்குப் பிறகு ஒரு பொழுது. பறவைகள் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன, அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான். நாமும் அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டால் ஏப்ரல் வெயில் ஒன்றும் செய்யாது.

முந்தின நாள் இரவு

விடியற்காலை நாலே முக்காலுக்கு வீட்டைப் பூட்டியாக வேண்டும். அதற்கு முந்தின இரவே பை தயாராக இருக்க வேண்டும், பிள்ளைகள் ஒன்பது மணிக்குள் படுத்துவிட வேண்டும். போட்டுக்கொண்டு போகும் உடையுடனேயே என் மகனைப் படுக்கவைத்துவிடுவேன். காலையில் தூக்கிக் காரில் போட்டால் போதும்.

தண்ணீர் ஐந்து பேருக்கு 12 லிட்டர் எடுத்துப்போகிறேன். அதிகம் என்று தோன்றும், ஆனால் ஒருமுறைகூட மிஞ்சியதில்லை. பாட்டில்களுக்குப் பழைய பருத்தித் துணியைச் சுற்றிக் கயிற்றால் கட்டிவிடுவேன். வழியில் அவ்வப்போது துணியை நனைத்து, காற்றுப் படும் இடத்தில் வைத்தால் பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருக்கும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு. அது இல்லையென்றால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு, தலைதட்டிய தேக்கரண்டியால் 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. உப்பைக் கண் மதிப்பில் போடாதீர்கள், அளந்துதான் போட வேண்டும்.

ஆளுக்கு ஒரு பருத்தித் துண்டு, தொப்பி, குடை. குடை வெயிலுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நாரை உட்கார்ந்திருக்கும் மரத்தடியில் இரண்டு நிமிடம் நின்றால் அதன் அருமை தெரியும். உடை பழையதாக, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று மங்கிய நிறத்தில் இருக்கட்டும். சிவப்பும் மஞ்சளும் பளபளத்தால் பறவைகள் கழுத்தை நிமிர்த்திவிடும். பிள்ளைகளுக்குப் பாதத்தை முழுக்க மூடும் செருப்பு அவசியம், கரையெங்கும் உடைமுள் கிடக்கும். அத்தைக்கு இரத்த அழுத்த மாத்திரை, ஒரு மடக்கு நாற்காலி. வயதானவர்களை அழைத்துப்போகிறவர்கள் மற்ற எதை மறந்தாலும் அந்த நாற்காலியை மறக்காதீர்கள். நின்றுகொண்டே பறவை பார்க்க அவர்களால் முடியாது, "நான் காரிலேயே இருக்கிறேன்" என்று ஒதுங்கிவிடுவார்கள். நாற்காலி இருந்தால் கடைசிவரை நம்மோடு இருப்பார்கள்.

இருகண் நோக்கி ஒன்றாவது வேண்டும். 8 மடங்கு பெருக்கிக் காட்டுவது போதும். அதற்கு மேல் போனால் பிள்ளைகளின் கை நடுக்கத்தில் படம் ஆடும்.

சாப்பாடு

கோடைப் பயணத்தில் முதலில் கெடுவது தேங்காய். எனவே தேங்காய்ச் சட்னி, தேங்காய்ச் சாதம் எதுவும் கிடையாது. காலைக்கு மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவிய இட்லி, ஆளுக்கு நாலு, வாட்டிய வாழையிலையில் பொட்டலமாக. மதியத்துக்குப் புளியோதரையும் தயிர் சாதமும்.

தயிர் சாதத்தில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். வீட்டிலேயே தயிரை ஊற்றிப் பிசைந்து எடுத்துப்போனால் பத்து மணிக்கே புளித்து நுரைக்கும். நான் செய்வது இப்படி: சோற்றைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, உப்புப் போட்டு ஆறவிடுவேன். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி மட்டும் உறைக்காகச் சேர்த்துக் கலந்து, தூக்குவாளியில் மூடிவிடுவேன். காலை நாலரைக்குக் கலந்தால் வெயில் ஏற ஏற அது தானாகவே தோய்ந்து, பன்னிரண்டு மணிக்கு இனிப்பும் புளிப்புமாகச் சரியான பதத்தில் இருக்கும். கடுகு, இஞ்சி தாளித்ததைத் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுபோய் அங்கே கலந்துகொள்ளலாம். தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் தேங்காய் சேர்க்காத பருப்புத் துவையலும்.

பிஸ்கட், சிப்ஸ் எடுத்துப்போகாதீர்கள். தாகத்தைக் கிளப்பும், காகிதம் பறக்கும். வெள்ளரிக்காயும் கொய்யாவும் போதும். ஆச்சிக்கு அரைக் கிலோ அல்வா. திருநெல்வேலியிலிருந்து ஒரு வீட்டுக்குப் போகிறவர் அல்வா இல்லாமல் போவது மரியாதையாக இராது.

போகும் வழி

காரில் போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். பஸ்ஸில் போகிறவர்கள் திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டிக்குப் போய், அங்கிருந்து ஆட்டோவில் போவது எளிது. கிராமத்து பஸ்ஸை நம்புகிறவர்கள் இறங்கும்போதே கண்டக்டரிடம் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இருட்டு கலையும் நேரத்தில் சாலையின் இரண்டு பக்கமும் பனைகள் வரிசையாகத் தெரியத் தொடங்கும். பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். என் அத்தை அந்த இடத்திலிருந்து பேசத் தொடங்குவார். அவர் பிறந்த ஊரில் எத்தனை பனை இருந்தது, யார் ஏறினார்கள், கருப்பட்டி காய்ச்சும் விடிலியில் சின்னப்பிள்ளைகள் எப்படிக் காத்துக் கிடந்தார்கள் என்று. வருடம் முழுக்க வீட்டில் அதிகம் பேசாதவர். பாட்டுப் போடாமல் வாருங்கள்.

ஊருக்குள் நுழைந்ததும்

ஹாரன் அடிக்கக் கூடாது. காரை மரத்தடியில் நிறுத்தக் கூடாது. நிழலுக்கு ஆசைப்பட்டு நிறுத்தினால் சாயங்காலம் வண்டியின் நிறமே தெரியாது. அந்த எச்சம் வண்ணப்பூச்சையும் அரிக்கும். அதே எச்சம் கலந்த குளத்து வண்டலை இந்த ஊர்க்காரர்கள் வயலுக்கு உரமாக எடுக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த என் மகள் அதைக் கேட்ட பிறகு கையை எடுத்தாள். மீன் வாடை பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

வனத்துறை ஆட்கள் இருக்கும் இடத்துக்கு முதலில் போய், எத்தனை பேர் வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, இன்று எந்தப் பக்கம் பறவை அதிகம் என்று கேளுங்கள். தெருவில் எதிர்ப்படும் பெரியவர்களிடம் "அண்ணாச்சி, இந்தப் பக்கம் போகலாமா?" என்று ஒரு வார்த்தை. கூடு இருப்பது கொல்லைப்புறத்தில், அது ஒருவர் வீடு. வேலிக்கு வெளியே நின்றுகூடக் கேட்காமல் கேமராவை நீட்டக் கூடாது.

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விதி ஒன்றே ஒன்றுதான்: மேலே தொட்டில் தொங்குகிறது என்று நினைத்துக்கொள். கைக்குழந்தை தூங்கும் வீட்டில் எப்படி நடப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஓடாதே, கத்தாதே, கல்லெடுக்காதே என்று பத்து முறை அதட்டுவதை விட இது வேலை செய்கிறது. பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டிப் பறவைகளைக் கிளப்புகிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். தாய் எழுந்து போன அந்தச் சில நிமிடங்களில் காகமோ பருந்தோ முட்டையைக் கொண்டுபோய்விடும், நிழல் போன குஞ்சு வெயிலில் வாடும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

காலைப் பொழுது

ஆறு மணிக்குள் குளக்கரைக்கு வந்துவிட்டால் ஒன்பது வரை மூன்று மணி நேரம் முழுதாகக் கிடைக்கும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். 43 வகை நீர்ப்பறவைகள் வருகின்றன என்பார்கள். பிள்ளைகளுக்கு ஐந்து போதும். மஞ்சள் மூக்கு நாரை முதலில். நீண்ட மஞ்சள் அலகு, செம்மஞ்சள் மொட்டைத் தலை, மார்பில் கறுப்புப் பட்டை, வால் பக்கத்தில் ரோஜா நிறத்தை யாரோ தூரிகையால் இழுத்துவிட்டது போல. வளர்ந்த நாரைக்குப் பெரும்பாலும் குரலே கிடையாது, கூட்டில் அலகோடு அலகைத் தட்டித்தான் பேசும். கத்துவதெல்லாம் குஞ்சு. மீன் பிடிக்கும்போது அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்திருக்கும். மீன் பட்டதும் சட்டென்று மூடும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை, தொட்டுணர்ந்து பிடிக்கிறது. என் மகன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் அலகாக வைத்து அதைச் செய்து பார்ப்பான்.

அடுத்தது கரண்டிவாயன். அலகு நுனி அகப்பை போலத் தட்டையாக இருக்கும், தண்ணீரைக் கூழ் துழாவுவது போல இடமும் வலமும் துழாவிக்கொண்டே நடக்கும். மூன்றாவது பாம்புத்தாரா. உடம்பு முழுக்க முங்கிக் கழுத்து மட்டும் வெளியே நெளியும், பாம்பு என்றே பிள்ளைகள் கத்துவார்கள். பிறகு கரையேறிச் சிறகை விரித்துக் காயவைக்கும். நான்காவது கூழைக்கடா, அலகின் கீழே பை. ஐந்தாவதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். மகள் சென்ற ஆண்டு நீலத்தாழைக்கோழியைத் தேர்ந்தெடுத்து, வண்ணப் பென்சிலில் வரைந்தாள். அந்த நீலத்துக்கு இரண்டு பென்சில் கலக்க வேண்டியிருந்தது.

இருகண் நோக்கியை 6 வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் வானத்தைத்தான் பார்ப்பான். முதலில் வெறுங்கண்ணால் ஒரு பறவையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணை எடுக்காமல் இருக்க, நீங்கள் பின்னாலிருந்து கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு முறை செய்தால் பிடித்துக்கொள்வான். எட்டு மணி வாக்கில், பிள்ளைகள் பசி என்று சொல்லும் முன்பே, இட்லியைப் பிரித்துவிடுங்கள்.

பதநீரும் நுங்கும்

ஒன்பதுக்குக் கரையை விட்டு இறங்கிவிடுவோம். அந்த நேரத்தில் பனையேறி மரத்திலிருந்து இறக்கிய பதநீர் வழியோரங்களில் கிடைக்கும். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறக்குவது பதநீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். வாங்கும்போது கலயத்து வாயில் நுரை பொங்குகிறதா, புளிப்பு வாடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வேண்டாம். தெளிந்ததை மேலாக ஊற்றச் சொல்லுங்கள், அடியில் சுண்ணாம்பு படிந்திருக்கும். பிளாஸ்டிக் தம்ளரை நீட்டினால் "பட்டையில் கொடுங்கள் அண்ணாச்சி" என்று கேளுங்கள். பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில், நுங்கைச் சீவிப் போட்டு, இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். பச்சை ஓலையின் மணம் முதலில் வரும், இனிப்பு பிறகுதான் வரும். பழக்கமில்லாத பிள்ளைகளுக்கு முதல் முறை அரைத் தம்ளருக்கு மேல் வேண்டாம், வயிறு இளகும்.

நுங்கைச் சீவிக் கொடுக்கச் சொல்லாமல், கண் திறந்து அப்படியே வாங்குங்கள். பெருவிரலைக் கண்ணுக்குள் விட்டு நெம்பி, உள்ளே நிற்கும் தண்ணீரோடு உறிஞ்சுவதுதான் அதைத் தின்னும் முறை. விரல் எளிதாக இறங்கினால் இளசு. இறங்காவிட்டால் கடுக்காய், அதைப் பெரியவர்கள் மென்றுகொள்ளலாம். அத்தை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தின்று முடித்த கூந்தலை, அதாவது நுங்கின் வெறும் கூட்டை, தூக்கிப் போட விட மாட்டார். இரண்டு கூந்தலை ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. என் மகன் தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சத்தமில்லாமல் ஓட்டினான். சக்கரம் உருளும் சத்தம்கூட வராத வண்டி அது, அந்த ஊருக்கு ஏற்றது.

வெயில் உச்சியில்

பத்து முதல் மூன்றரை வரை நிழலைவிட்டு நகரக் கூடாது. எங்களுக்கு ஆச்சி வீட்டுத் திண்ணை இருக்கிறது. அப்படி யாரும் இல்லாதவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். சரணாலயத்தையொட்டிய பூங்கா நிழலிலோ, கேட்டு அனுமதி பெற்று ஒரு கோயில் மண்டபத்திலோ பாயை விரிக்கலாம். இல்லையென்றால் பத்தரைக்கே வீடு திரும்பிவிடலாம். அரை நாள் ஆனாலும் அது நிறைந்த நாள்தான். காரில் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பதும், நின்ற காரில் பிள்ளையைத் தூங்கவிட்டு இறங்குவதும் வேண்டாம். மூடிய கார் கோடையில் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும்.

தாகம் என்று பிள்ளை சொல்லக் காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு முறை நாலு மடக்கு கொடுத்துக்கொண்டே இருங்கள். மூன்று, நாலு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால் கவனிக்க வேண்டும். தலைவலி, குமட்டல், சோர்வு என்றால் படுக்கவைத்து, உடையைத் தளர்த்தி, ஈரத் துண்டால் துடைத்து, விசிறி, உப்புச் சர்க்கரைக் கரைசல். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சுக் குழறினாலோ, பிள்ளை மயங்கினாலோ, வாயில் எதையும் ஊற்றாமல் உடம்பை நனைத்தபடியே உடனே மருத்துவமனைக்கு. 108ஐ அழைப்பதில் யோசனையே வேண்டாம்.

சாப்பிட்ட பிறகு எல்லோரும் கண்ணயர்வார்கள். எனக்கு மட்டும் தூக்கம் வராது. ஆச்சி வீட்டுக் கொல்லை வேம்பு திண்ணையிலிருந்து பக்கவாட்டில் தெரியும். போன ஆண்டு ஒரு மணிக்கு அந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று குஞ்சுகள், சாம்பலும் வெள்ளையுமாகப் பஞ்சு உடம்பு, வாயைத் திறந்தபடி. தாயோ தகப்பனோ, இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு சிறகையும் பாதி விரித்துத் தொங்கவிட்டிருந்தது. அதன் நிழல் சரியாகக் குஞ்சுகள்மேல் விழுந்தது. அதன்மேல் ஒரு நிழலும் இல்லை. சூரியன் நகர நகர, கால் மாற்றிக் கால் மாற்றி, அதுவும் கூட்டின் விளிம்பில் ஒரு விரற்கடை நகர்ந்தது. கால்களில் வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தது. அந்த ஈரம் காய்வதில்தான் அது தன் உடம்பைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பிறகு இன்னொரு நாரை வந்து இறங்கியது. அலகைத் தட்டிக்கொண்டன. நின்றது பறந்து போயிற்று, வந்தது சிறகை விரித்து அதே இடத்தில் நின்றது.

ஆச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து, முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார். "போன வாரம் ஒன்று கீழே விழுந்துவிட்டது. காக்கா வருவதற்குள் எடுத்து வனத்துறை ஆட்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம், மீன் போட்டு வளர்க்கிறார்கள்" என்றார். நாரை வராத ஆண்டில் தெருவே வெறிச்சென்று கிடக்கும், அந்த ஆண்டு விளைச்சலும் சரியாக இருக்காது என்றார். என் மகனை நான் அந்தத் திண்ணைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த நாளைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அவன் அவர் காலடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

சாயங்காலமும் திரும்புதலும்

நாலு மணிக்கு முகம் கழுவி, மறுபடி குளக்கரை. இந்த முறை கரையின் மறுபக்கம், சூரியன் மீண்டும் முதுகில் இருக்கும்படி. காலையில் பறவைகளைப் பெயர் சொல்லிப் பார்த்தாயிற்று. இப்போது சும்மா உட்கார்ந்தால் போதும். ஐந்தரைக்கு மேல் நாலா திசையிலிருந்தும் கூட்டம் கூட்டமாக அடையத் திரும்பும். கூழைக்கடா இறங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள். அத்தனை பெரிய உடம்பு காலை முன்னே நீட்டித் தண்ணீரைச் சறுக்கிக்கொண்டு வந்து நிற்கும். இருட்டத் தொடங்கியதும் வக்காக்கள் கிளம்பும், மற்றவை அடையும் நேரத்தில் அவை வேலைக்குப் போகின்றன. வெளிச்சம் இருக்கும்போதே கரையை விட்டு இறங்கிவிடுங்கள். வெயில் தணிந்ததும் பாம்பு வெளியே வரும் நேரம் அது.

புறப்படுமுன் உட்கார்ந்த இடத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இலை, ஓலைப் பட்டை மாட்டுக்குப் போகும். பாட்டில் மூடி, ரப்பர் வளையம், நூல் எதுவும் கிடக்கக் கூடாது, அது பறவையின் காலில் சுற்றும். கிடைத்தால் கருப்பட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கரைத்த டம்ளர் அடியில் மணல் நறநறக்காமல், நாக்கில் லேசாகக் கரித்து இனித்தால் நல்ல கருப்பட்டி.

வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் வண்டியில் விழுந்த எச்சத்தை அன்றிரவே தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவிவிடுங்கள், காலையில் சுரண்டினால் பூச்சோடு வரும். பிள்ளைகளுக்கு மோர்ச்சோறு கொடுத்துப் படுக்கவையுங்கள். நாங்கள் அதற்கும் முன்னால் ஒரு வேலை செய்வோம். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மகன் என் போனை வாங்கி, "ஆச்சி, வந்து சேர்ந்துவிட்டோம்" என்று சொல்வான். அந்தப் பக்கம் அவர் குரலுக்குப் பின்னால் குஞ்சுகள் கத்துவது கேட்கும்.